ஆடியில் கூலியைக் குறைக்காதீர்கள்; தீபாவளி வேலையை முன்னே இழுங்கள்

கேள்வி: சிறு நகரம் ஒன்றில் 9 வருடமாக லேடீஸ் டெய்லரிங் கடை வைத்திருக்கிறேன். ஒரு பவர் மெஷின், இரண்டு அம்பர்லா மெஷின், ஒரு ஓவர்லாக். என்னோடு இரண்டு பெண்கள் பீஸ் ரேட்டில் தைக்கிறார்கள். லைனிங் ஜாக்கெட்டுக்கு, லைனிங் துணியும் சேர்த்து, 450 ரூபாய் வாங்குகிறேன். தைப்பவருக்கு 180 கொடுக்கிறேன். வாடகை, கரண்ட், போன் எல்லாம் சேர்த்து மாதம் 9,000 ஆகிறது. தீபாவளி மாதத்தில் 235 ஜாக்கெட் வரை வருகிறது. ஆடியில் 65 தாண்டுவதில்லை, மார்கழியும் அப்படித்தான். போன ஆடியில் வாடகைக்கும் வீட்டுச் செலவுக்கும் நகையை வைத்து 40,000 வாங்கினேன். தைக்கும் பெண்களில் ஒருவர் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போய்விட்டு ஆவணியில்தான் திரும்பி வந்தார். தீபாவளிக்கோ ராத்திரி ஒரு மணி வரை தைத்தும் இருபது பேருக்குச் சொன்ன தேதியில் கொடுக்க முடியவில்லை. இந்த ஆடிக்குக் கூலியில் 20 சதவீதம் தள்ளுபடி போடலாமா? புடவை வாங்கி விற்கலாமா? இல்லை, ஒரு மாதம் கடையைச் சாத்திவிட்டு இருந்துவிடலாமா?

பதில்:

சகோதரி, தள்ளுபடியை முதலில் முடித்துவிடுவோம். 450 ரூபாயில் தைப்பவர் கூலி 180. லைனிங், நூல், ஹூக் எல்லாம் சேர்த்து 90 என்று வையுங்கள். ஒரு ஜாக்கெட்டுக்குக் கடைக்கு நிற்பது 180 ரூபாய். 65 ஜாக்கெட்டுக்கு 11,700. கடைச் செலவு 9,000 போனால் மீதி 2,700. இப்போது 20 சதவீதம் குறைத்தால் 90 ரூபாய் போகிறது. அது முழுக்க உங்கள் 180-லிருந்துதான் போகும். தைப்பவர் கூலியும் லைனிங் விலையும் குறையப் போவதில்லை. ஆக, இன்று கிடைக்கும் அதே 11,700 கிடைக்கவே 130 ஜாக்கெட் தைக்க வேண்டும். ஆடியில் ஆர்டர் இரட்டிப்பாகாது. கல்யாணம் இல்லாததால் தைக்கக் கொடுக்காதவர்கள், 90 ரூபாய் குறைந்தது என்பதற்காகக் கொடுக்க மாட்டார்கள். ஜவுளிக் கடையில் ஆடித் தள்ளுபடிக்குப் புடவை எடுப்பவர்கூட அதை பீரோவில் வைத்துவிட்டு, ஆவணியிலோ தீபாவளிக்கோதான் தைக்க எடுத்து வருவார். ஒருமுறை 360-க்குத் தைத்துக் கொடுத்துவிட்டால், ஆவணியில் 450 கேட்கும்போது "போன மாசம் இதைத்தானே தச்சீங்க" என்ற பேச்சையும் கேட்க வேண்டியிருக்கும்.

உங்கள் கடிதத்தில் ஆடியைவிடப் பெரிய நஷ்டம் தீபாவளியில் தெரிகிறது. கணக்குப் போடுங்கள். ஒரு லைனிங் ஜாக்கெட்டுக்கு வெட்ட 25 நிமிடம், மெஷினில் சுமார் ஒன்றே முக்கால் மணி நேரம், ஹெம்மிங், ஹூக், அயர்ன் எல்லாம் 35 நிமிடம் என்றால் மொத்தம் இரண்டே முக்கால் மணி நேரம். மூன்று பேர், ஆளுக்கு 8 மணி நேரம், நாளுக்கு 24 மணி. கணக்குப்படி எட்டரைக்கு மேல் வரும். ஆனால் அளவு எடுக்க, போன் பேச, கரண்ட் போக என்று நேரம் போனால் நாளுக்கு 8தான். 26 நாளில் 208. நீங்கள் வாங்கியதோ 235. மிச்சம் 27 ஜாக்கெட்டுக்கு நேரமே இல்லை. அதனால்தான் ராத்திரி ஒரு மணி. அதனால்தான் அந்த இருபது பேர். உங்கள் கடை நேரம் வேறாக இருக்கலாம். போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து ஐந்து ஜாக்கெட்டுக்கு அளந்து உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்குச் செய்யும் வேலையில் ஒரு பகுதியை, வாடிக்கையாளர் துணியே கைக்கு வராமல் இப்போதே செய்துவைக்க முடியும். ஆடி அதற்கான மாதம்.

முதல் வேலை அட்டை, அதாவது துணி மேல் வைத்துக் கோடு போடும் அளவு அட்டை. அளவு நோட்டை எடுத்து, போன வருடம் தைத்த ஜாக்கெட்டுகளை மார்பளவு வாரியாக ஒரு தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். பெரும்பாலும் 34-க்கும் 40-க்கும் நடுவில் குவிந்திருக்கும். 32 முதல் 42 வரை இரட்டைப்படை அளவு ஆறுக்கும், சாதாரண டார்ட் (மார்புப் பக்கம் மடித்துத் தைக்கும்) ஜாக்கெட்டுக்கு ஒரு செட், பிரின்சஸ் கட்டுக்கு ஒரு செட் அட்டை வெட்டுங்கள். பின்பக்கம், முன்பக்கம், பெல்ட், கை எல்லாவற்றுக்கும் தனித்தனி அட்டை. பிரவுன் பேப்பர் இரண்டு மாதத்தில் ஓரம் கிழிந்துவிடும்; கொஞ்சம் கனமான அட்டையே வாங்குங்கள். அட்டை வெட்டத் தனிக் கத்தரி வைத்துக்கொள்ளுங்கள். துணிக் கத்தரியால் ஒரே ஒரு அட்டையை வெட்டினாலும் முனை மழுங்கும், அடுத்து ஷிஃபான் வெட்டும்போது துணியை மெல்லும்.

அட்டையில் கழுத்தை வெட்டாதீர்கள். பலர் செய்யும் தவறு இதுதான். ஒரே 36 மார்பு உள்ள இரண்டு பேருக்குத் தோள் அகலமும் கழுத்து இறக்கமும் ஒன்றாக இருக்காது. கழுத்தோடு வெட்டிய அட்டையை அப்படியே போட்டால் மார்பு சரியாக நிற்கும், தோள் வழுக்கி விழும். மார்பு, இடுப்பு, கைக்குழி வரை அட்டை. கழுத்தும் தோளும் ஒவ்வொருவருக்கும் டேப்பில் அளந்து சாக்பீஸால் கோடு போடுவது. தையல் கோடு ஒன்று, வெட்டுக் கோடு ஒன்று என இரண்டையும் அட்டையில் வரையுங்கள். பக்கவாட்டில் ஒன்றரை இஞ்ச், தோளில் அரை இஞ்ச் விட்டிருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். டார்ட் முனையில் ஆணியால் ஒரு துளை. அதன் வழியாக சாக் முனை போனால் போதும், டேப்பே வேண்டாம்.

பிறகு, வருடத்துக்கு நாலைந்து தடவை வரும் வாடிக்கையாளர் ஒரு முப்பது பேரைத் தேர்ந்தெடுத்து, அவரவர் பெயரில் தனி அட்டை. அதில் கழுத்தும் இருக்கலாம். மூலையில் தேதி எழுதுங்கள், உடம்பு மாறும். "இடது தோள் கால் இஞ்ச் இறக்கம்", "கை லூஸ் கேட்பார்", "ஹூக் முன்னால்" மாதிரி குறிப்புகளையும் எழுதிவிடுங்கள். மேலே ஒரு துளை போட்டு, வெட்டும் மேஜைக்குப் பின்னால் ஆணியில் மாட்டுங்கள். அளவு ஜாக்கெட்டைப் பார்த்து அட்டை போடும்போது, அது எத்தனை தடவை துவைத்தது என்று கேளுங்கள். சுருங்கிய பழைய ஜாக்கெட்டை அளந்து வெட்டினால் புதுசும் இறுக்கமாகத்தான் வரும். முடிந்தால் ஆளை வரச் சொல்லி ஒருமுறை டேப்பில் அளந்துவிடுங்கள். ஆடியில் அவருக்கும் நேரம் இருக்கும், உங்களுக்கும் இருக்கும்.

அட்டை இருந்தால் வெட்டும் நேரம் 25 நிமிடத்திலிருந்து 10 நிமிடத்துக்கு இறங்கும். ஒரு ஜாக்கெட்டுக்கு 15 நிமிடம். 230 ஜாக்கெட்டுக்கு 57 மணி நேரம். ஒரு ஆளின் ஏழு நாள் வேலை. நாளுக்கு 8 என்றிருந்தது கிட்டத்தட்ட 9 ஆகும், 26 நாளில் 230-ஐ ஒட்டி வரும். போன வருடம் உங்களைத் தூங்கவிடாத அந்த 27 ஜாக்கெட்டில் பெரும்பகுதி இந்த 57 மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது.

அடுத்தது லைனிங். தீபாவளி அவசரத்தில் லைனிங்கை நனைக்காமலேயே வெட்டித் தைத்துவிடுகிறோம். பட்டு அவ்வளவாகச் சுருங்காது, அடியில் இருக்கும் காட்டன் சுருங்கும். முதல் தடவை நனைத்ததும் மேல் துணி மார்புக்குக் கீழே சுருக்கம் சுருக்கமாக நிற்கும், பக்கத் தையல் இழுக்கும். வாடிக்கையாளர் அதைத் துணியின் குறை என்று நினைக்க மாட்டார், "தையல் சரியில்லை" என்றுதான் சொல்வார். நீங்கள் வாங்கும் லைனிங்கில் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஒரு மீட்டர் தூரத்துக்கு இரண்டு புள்ளி வைத்து, நனைத்து, காயவைத்து, மறுபடி அளங்கள். 97 செ.மீ. வந்தால் 3 சதவீதம் சுருக்கம்; 15 இஞ்ச் உயர ஜாக்கெட்டில் கிட்டத்தட்ட அரை இஞ்ச்.

எனவே அதிகம் போகும் ஐந்தாறு நிறத்தை நோட்டிலிருந்தே கண்டுபிடியுங்கள். பொதுவாக அரக்கு, சந்தனம், கரும்பச்சை, நேவி ப்ளூ, கருப்பு, ராணி பிங்க் வரும். நிறத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் என மொத்தம் 65 மீட்டர் வாங்கினால், மீட்டர் 45 ரூபாய் விலையில் 3,000 ரூபாய்க்குள் அடங்கும். மொத்தமாக வாங்கும்போது சில்லறை விலையைவிடக் குறைத்தும் கேட்கலாம். ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனி வாளியில் வெறும் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். அரக்கையும் சந்தனத்தையும் ஒரே வாளியில் போட்டால் சந்தனம் போய்விடும். காலையில் முறுக்கிப் பிழியாமல் தொங்கவிட்டு வடியவிடுங்கள். முறுக்கினால் இழை கோணும், பிறகு நேராக வெட்டவே வராது. நிழலில் உலர்த்துங்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், லைனிங் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். நல்ல கிளிப் போடுங்கள். லேசாக ஈரம் இருக்கும்போதே இழை நேராக வைத்து அயர்ன் செய்து, ஒவ்வொரு மீட்டராக வெட்டி மடித்து அடுக்கிவிடுங்கள். தீபாவளியில் கை நீட்டி எடுத்தால் போதும்.

பைப்பிங்கும் இப்போதே செய்துவைக்கலாம். அரை மீட்டர் துணியைச் சரியான கிராஸில் (மூலைவாட்டில்), ஒன்றேகால் இஞ்ச் பட்டையாக வெட்டி ஒட்டினால் சுமார் 12 மீட்டர் கிடைக்கும். ஆறு ஜாக்கெட்டின் கழுத்துக்கும் கைக்கும் வரும். கோல்டு, கருப்பு, அரக்கு மூன்றையும் பந்தாகச் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். கிராஸ் கொஞ்சம் தப்பினாலும் வட்டக் கழுத்தில் பைப்பிங் முறுக்கிக்கொண்டு நிற்கும், எனவே அவசரமில்லாத நாளில் வெட்டுவதே நல்லது. ஹூக் பட்டியும் நாட் கயிறும் அப்படியே.

மெஷின்களைத் தீபாவளிக்கு முன் பத்து நாள் இருக்கும்போது மெக்கானிக்கிடம் காட்ட நினைத்தால் அவர் வர மாட்டார். ஊரில் எல்லாக் கடைக்காரரும் அப்போதுதான் கூப்பிடுவார்கள். இந்த மாதமே வரச் சொல்லுங்கள். அவர் வருவதற்கு முன் நீங்களே பார்க்க வேண்டியவை சில உண்டு. ஊசித் தகட்டின் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றிப் பாருங்கள். பல்லுக்கு நடுவில் பஞ்சு கம்பளி மாதிரி அழுந்திக் கிடக்கும். அதனால்தான் துணி சரியாக நகராமல் தையல் சின்னதாகிறது, நீங்களோ தையல் நீளத்தைத் திருகிக்கொண்டே இருக்கிறீர்கள். டூத்பிரஷ்ஷால் எடுங்கள், ஊதாதீர்கள். ஊதினால் பஞ்சு உள்ளே போகும். பவர் மெஷினின் தலையைச் சாய்த்து எண்ணெய்த் தொட்டியைப் பாருங்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய எண்ணெய் பழுப்பாகியிருந்தால் முழுக்க இறக்கிவிட்டு, அடியில் உள்ள சல்லடையைக் கழுவி, மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில் நிற்கும்படி புதிதாக ஊற்றுங்கள். அம்பர்லா மெஷினில் எண்ணெய்த் துளை ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு, நூல் இல்லாமல் இரண்டு நிமிடம் ஓட்டம், பிறகு கழிவுத் துணியில் ஒரு பத்து வரி தையல். அந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டால் எண்ணெய்க் கறை யாரோ ஒருவரின் பட்டு ஜாக்கெட்டில் விழும்.

பாபின் கேஸைச் சோதிக்க நூலைப் பிடித்துத் தொங்கவிட்டு லேசாக ஒரு சுண்டு சுண்டுங்கள். ஓரிரு இஞ்ச் இறங்கி நின்றால் சரி. சரசரவென்று இறங்கினால் லூஸ், அசையாவிட்டால் டைட். ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்ப வேண்டாம். பட்டுக்கும் ஷிஃபானுக்கும் 11-ஆம் நம்பர் ஊசி, காட்டனுக்கு 14, கனமான துணிக்கு 16 எனத் தனித்தனி டப்பாவில் வாங்கி வையுங்கள். ஓவர்லாக் கத்தி மழுங்கியிருக்கும், மாற்றிவிடுங்கள். மெஷினின் ஹூக் டைமிங்கை (ஊசியும் அடியில் நூலைப் பிடிக்கும் கொக்கியும் சேரும் நேரத்தை) மட்டும் நீங்கள் தொடாதீர்கள், அது மெக்கானிக் வேலை.

இனி, அந்தப் பெண் ஏன் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போனார் என்று பாருங்கள். ஆடியில் வரும் 65-ஐயும் அந்த இருவருக்கே கொடுத்தாலும் ஆளுக்கு 32, 33. கையில் வருவது சராசரியாக 5,850 ரூபாய். அதில் குடும்பம் நடத்த முடியாது. அவரைத் தப்பு சொல்ல இடமில்லை. ஆடிக்கும் மார்கழிக்கும் ஆளுக்கு 9,000 உறுதி என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பீஸ் ரேட்டில் வருவது போக மீதியை நீங்கள் கொடுக்கிறீர்கள். அதற்குப் பதிலாக லைனிங், பைப்பிங், கீழே சொல்லும் வேலைகளை அவர்கள் செய்கிறார்கள். உங்களுக்கு ஆகும் கூடுதல் செலவு இரண்டு பேருக்கும் சேர்த்து மாதம் 6,300. இரண்டு மாதத்துக்கு 12,600.

இந்தப் பணம் ஆடியில் வராது, பரபரப்பான மாதங்களில்தான் எடுத்து வைக்க வேண்டும். ஆவணி, ஐப்பசி, தை, வைகாசியில் தைக்கும் ஒவ்வொரு ஜாக்கெட்டுக்கும் 25 ரூபாய், டெலிவரி கொடுத்த அன்றே, வேறொரு சேமிப்புக் கணக்கில் போட்டுவிடுங்கள். நாலு மாதத்தில் 700 ஜாக்கெட் என்றால் 17,500. ஆட்களுக்கான 12,600 போக 4,900 மிச்சம், வாடகைக்கு ஒத்தாசை. கடை கல்லாவிலேயே தனிப் பர்ஸில் வைக்கிறேன் என்று இறங்காதீர்கள். தீபாவளிக்கு மறுநாள் அந்தப் பர்ஸ் காலியாகியிருக்கும். இந்த ஆடிக்கு அந்தப் பணம் கையில் இல்லை என்பது தெரியும். எனவே இந்த வருடம் ஒருவருக்காவது, குறிப்பாக நன்றாக வெட்டத் தெரிந்தவருக்கு, உறுதி கொடுத்து நிறுத்திக்கொள்ளுங்கள். அவருக்கான 3,150-ஐக் கீழே உள்ள வேலைகளிலிருந்து எடுத்துவிடலாம்.

ஆடியில் சம்பாதிக்க முதல் வழி ஆல்டரேஷன். தீபாவளியில் யாராவது பழைய ஜாக்கெட்டைப் பிரித்துவிடக் கேட்டால் "அப்புறம் பார்க்கலாம்மா" என்று அனுப்பிவிடுகிறோம். அந்த ஜாக்கெட்டெல்லாம் அவர்கள் பீரோவில்தான் இருக்கிறது. இரண்டு பக்கமும் பிரித்து, தளர்த்தி, திரும்பத் தைக்க 20 நிமிடம். கூலி 70 ரூபாய். மணிக்கு 210, பொருள் செலவு கிட்டத்தட்ட இல்லை. புது லைனிங் ஜாக்கெட்டில் உங்கள் 180-ஐயும் தைப்பவரின் 180-ஐயும் கூட்டி இரண்டே முக்கால் மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 130தான் வருகிறது. அளவு நோட்டில் உள்ள எண்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள்: "அக்கா, போன வருஷம் தச்ச ஜாக்கெட் ஏதாவது இறுக்கமா இருக்கா? இந்த மாசம் கொண்டு வாங்க, ரெண்டு நாள்ல தர்றேன்." குரூப்பில் போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. பட்டிலும் டிஷ்யூவிலும் பழைய தையலைப் பிரித்தால் ஊசித் துளை வரிசையாகத் தெரியும். உள்பக்கத்தில் நீராவி அயர்ன் கொடுத்தால் கொஞ்சம் மறையும், முழுக்க மறையாது. பிரிப்பதற்கு முன்பே அவரிடம் காட்டிச் சொல்லிவிடுங்கள்.

புது ஆர்டரும் ஆடியில் அடியோடு நிற்பதில்லை. கல்யாணம்தான் நிற்கிறது, கோயில் நிற்பதில்லை. மேல்மருவத்தூர் போகிறவர்களுக்குச் சிவப்பு ஜாக்கெட், அம்மன் கோயில் விரதத்துக்கு மஞ்சள், சிவப்பு. சாதாரணக் காட்டன், லைனிங் இல்லாமல், வேகமாக முடியும் வேலை. உங்கள் ஊர் வழிபாட்டு மன்றத்தில் நேரில் போய்ச் சொல்லுங்கள். பத்துப் பேர் சேர்ந்து கொடுத்தால் ஒரே நூலில், ஒரே ஊசியில் தைத்துவிடலாம். ஆடிச் சீருக்குத் தாய்வீடு வந்திருக்கும் புதுப்பெண்ணுக்குப் புடவை எடுத்திருப்பார்கள். போன வைகாசியில் உங்களிடம் கல்யாண ஜாக்கெட் தைத்த வீடுகளுக்கு ஒரு போன் போதும். ஆகஸ்ட் 15-க்குப் பள்ளி நடன உடை இருக்கிறது. 2026-ல் செப்டம்பர் 4 அன்று வரும் கிருஷ்ண ஜெயந்திக்கு நர்சரிப் பள்ளிகள் ராதை பாவாடை தேடும். பள்ளிகளை ஜூலையிலேயே பாருங்கள், ஆகஸ்ட் கடைசியில் போனால் வாடகைக் கடைக்குச் சொல்லி முடித்திருப்பார்கள்.

புடவை வேண்டாம். அதே மாதத்தில் பெரிய ஜவுளிக் கடைகள் தள்ளுபடியில் விற்கும்போது உங்கள் புடவையை யார் வாங்குவார்? விற்காத பத்துப் புடவை என்பது அலமாரியில் முடங்கிய ஆறாயிரம், ஏழாயிரம் ரூபாய். கையில் துணி வைத்து விற்கத்தான் வேண்டுமென்றால் உள்பாவாடை தைத்து வையுங்கள். பாப்ளின் இரண்டேகால் மீட்டர், மீட்டர் 60 ரூபாய் என்றால் 135, நாடா 5, கூலி 40, ஆக 180. 240-க்கு விற்கலாம். கருப்பு, அரக்கு, சந்தனம், கரும்பச்சை, நேவி ப்ளூ, ஒவ்வொன்றிலும் இரண்டு அளவு, அளவுக்கு நாலு. மொத்தம் 40. போடும் பணம் 7,200, லாபம் 2,400. நாற்பதைத் தாண்டாதீர்கள். ஜாக்கெட் வாங்க வரும்போது அதே நிறத்தில் எடுத்துக் காட்டுவதற்குத்தான் இது, பாவாடைக் கடை வைப்பதற்கு இல்லை. இந்தப் பாப்ளினையும் நனைத்துத்தான் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் உயரம் குறைந்து புடவைக்கு மேலே ஏறி நிற்கும்.

இந்த வருடத் தீபாவளித் தேதியைக் கவனியுங்கள். 2025-ல் அக்டோபர் 20, அதனால் புரட்டாசி முழுக்க உங்களுக்கு வேலை இருந்தது. 2026-ல் நவம்பர் 8. ஆர்டர் கிட்டத்தட்ட மூன்று வாரம் தள்ளித்தான் சூடு பிடிக்கும். புரட்டாசி முதல் பாதியும் மந்தமாக இருக்கும். தைக்கும் பெண்களிடம் இதை இப்போதே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் செப்டம்பர் கடைசியில் வேலை இல்லை என்று பயந்து போய்விடுவார்கள்.

தள்ளுபடிக்குப் பதில் தேதியை விற்கலாம். ஒரு நோட்டில் அக்டோபர் 8 முதல் நவம்பர் 5 வரை, ஞாயிறு தவிர, ஒரு நாளுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒன்பது வரி. ஆடியிலும் ஆவணியிலும் துணியைக் கொடுத்து 100 ரூபாய் முன்பணம் கட்டுபவருக்கு அவர் கேட்கும் தேதியில் ஒரு வரி. கூலி அதே 450. புடவைக்கு ஃபால்ஸ் தைத்துத் தருவதை வேண்டுமானால் இலவசமாக்குங்கள். துணி முன்பே வந்துவிட்டால் அந்த ஜாக்கெட்டை மந்தமான நாளிலேயே தைத்து முடித்துவிடலாம், நோட்டில் ஒரு வரி காலியாகும். ஒன்பது வரி நிறைந்த பக்கத்தில் பத்தாவது பெயரை எழுதாதீர்கள், அது உங்கள் சித்தி மகளாகவே இருந்தாலும். கடைசிப் பத்து நாளில் வருபவருக்கு, வரி மிச்சமிருந்தால், 100 ரூபாய் அவசரக் கூலி சேர்த்து வாங்குங்கள். ஆடியில் 90 குறைப்பதைவிட ஐப்பசியில் 100 கூட்டுவது எளிது. அப்போது வருபவருக்கு ஜாக்கெட் கட்டாயம் வேண்டும்.

மார்கழிக்கு வேறு வழி. தை முகூர்த்தக் கல்யாண ஜாக்கெட்டை மார்கழி வேலையாக மாற்றுங்கள். ஆரி ஒர்க் உள்ள ஜாக்கெட்டுக்கு வேலைப்பாட்டைப் பொறுத்து ஆரிக்காரருக்கே பல நாள் பிடிக்கும். தை பிறந்த பிறகு துணி கொடுத்தால் எல்லோருக்கும் தலைவலி. கார்த்திகை கடைசியிலேயே தை, மாசியில் கல்யாணம் வைத்திருக்கும் வீடுகளை விசாரித்து, மார்கழி முதல் வாரத்தில் அளவு எடுங்கள். முதலில் விலை குறைந்த காடாத் துணியில் ஒரு ட்ரயல் தைத்து, பெண்ணுக்குப் போட்டுப் பார்த்துத் திருத்துங்கள். அந்த ட்ரயலைப் பிரித்து, அந்தத் துண்டுகளைப் பட்டின் மேல் வைத்துத்தான் கோடு போட வேண்டும். வெட்டாத துணியை அப்படியே ஆரி ஃபிரேமுக்குக் கொடுங்கள், சுற்றிலும் ஒன்றரை இஞ்சாவது விட்டு. நெருக்கமாக ஆரி போட்டால் துணி உள்பக்கம் இழுத்துக்கொள்ளும். திரும்பி வந்ததும் ட்ரயல் துண்டை மேலே வைத்து மறுபடி அளந்த பிறகே கத்தரியை எடுங்கள். முன்பே வெட்டிக் கொடுத்துவிட்டால் கைக்குழி அரை இஞ்ச் குறைந்து வரும், அதற்கு மருந்து கிடையாது.

நகைக் கடனைப் பற்றி ஒன்று. உள்பாவாடைக்கும் லைனிங்குக்கும் பத்தாயிரம் வேண்டும், தீபாவளியில் திரும்ப வந்துவிடும் என்றால் நகை வைப்பதில் தவறில்லை. வாடகைக்காக வைப்பது வேறு. அந்தப் பணம் எங்கிருந்தும் திரும்பி வராது, வட்டி மட்டும் ஓடும். உத்யம் (சிறு தொழிலுக்கான மத்திய அரசுப் பதிவு) செய்யவில்லையென்றால் இந்த மாதமே செய்துவிடுங்கள். அரசு இணையதளத்தில் ஆதார், பான் எண்களோடு நீங்களே செய்யலாம், கட்டணம் கிடையாது. காசு கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். பின்னால் மெஷின் வாங்க முத்ரா கடன் கேட்கும்போது வங்கி அதைக் கேட்கக்கூடும்.

கடையை ஒரு மாதம் சாத்த வேண்டாம். ஆடி கடைசி வாரத்தில் ஆவணி முகூர்த்தத்துக்கான துணி வர ஆரம்பித்துவிடும். பூட்டிய கடையைப் பார்த்தவர் அடுத்த தெருக் கடைக்குப் போவார், அங்கேயே பழகிவிடுவார். ஆனால் ஐந்து நாள் சாத்தலாம், ஆடிப்பெருக்கு முடிந்த வாரத்தில். கதவில் திறக்கும் தேதியை எழுதி ஒட்டி, போன் எண்ணும் போடுங்கள். முதல் இரண்டு நாள் மெக்கானிக் வேலையும் சுவருக்கு வெள்ளையடிப்பதும் நடக்கட்டும். மீதி மூன்று நாள் நீங்கள் ஓய்வெடுங்கள். ஒன்பது வருடமாகக் குனிந்து தைத்த கழுத்தும் முதுகும் உங்களுக்கு இருக்கிறது, கண்ணையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். கடையைத் திறக்கும் அன்று காலையில் அந்த ஒன்பது வரி நோட்டை மேஜை மேல் வைத்து, முதலில் வரும் வாடிக்கையாளரிடமே தீபாவளித் தேதியைக் கேட்டு எழுதுங்கள்.